எத்தனை விசில் என்று சொல்லிவிட்டுச் சிரியுங்கள்

ஒன்றேகால் மணி நேரம். நேற்று ராத்திரி ஒன்றேகால் மணி நேரம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது இரண்டே விஷயம். காய்ந்த அவரைக்கொட்டையை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, குக்கரில் எத்தனை விசில் விடுவது. இரண்டையும் கடைசிவரை சொல்லவே இல்லை. சமையல் நிகழ்ச்சியில்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு வாரமாக விளம்பரம் போட்டார்கள். 'நீலகிரி மலை ஸ்பெஷல்', அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட படுகர் வீட்டுக் குழம்பு என்று. நாங்கள் இருப்பதும் நீலகிரியில்தான், கோத்தகிரியில். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா படுகர், இந்த மலையில் காலங்காலமாக வாழ்கிற சமூகம். முப்பது வருடமாக அவர் கொடுத்தனுப்பும் கிண்ணத்தில்தான் நாங்கள் அந்தக் குழம்பைச் சாப்பிட்டு வந்தோம். போன வருடம் அவர் கோவைக்கு, மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போனில் கேட்டால், "அதெல்லாம் கண்ணளவுதான், உனக்குத் தெரியாதா?" என்கிறார். எனக்குத் தெரியாது. கண்ணளவு என்பது அவர் கண்ணில் இருக்கிறது, என் கண்ணில் இல்லை. அதனால் அம்மா அந்த விளம்பரத்தைப் பார்த்ததும் எழுந்து போய் பழைய லாங் சைஸ் நோட்டையும் பென்சிலையும் எடுத்து டிவி பக்கத்தில் வைத்துவிட்டார். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்பது மணிக்கே ஸ்வெட்டரும் சால்வையுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. அரங்கத்தில் பிளாஸ்டிக் தேயிலைச் செடி. மேலே பஞ்சைப் பிய்த்து ஒட்டியிருந்தார்கள், அதுதான் மேகமாம். கீழே புகை விட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் 'குளிருது குளிருது' என்று பல்லை நடுங்கவைத்துக் காட்டினார்கள். இதற்கே பத்து நிமிடம். சரி, போகட்டும் என்று இருந்தேன். அப்புறம் ஒருவர் கரடி வேஷத்தில் வந்தார். நடுவரைத் துரத்தினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இங்கே கோத்தகிரியில் கரடி நிஜமாகவே வருகிறது. கடைக் கதவை உடைக்கிறது, ஏழு மணிக்கு மேல் தெருவிளக்கு இல்லாத இடத்தில் நடக்க முடியவில்லை, தேயிலை பறிக்கப் போகிறவர்கள் தட்டைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். எங்கள் பயம் அவர்களுக்கு ஒரு உடுப்பு.

ஒன்பது இருபத்திரண்டுக்குத்தான் அடுப்பு பற்றியது. மணியைப் பார்த்து வைத்துக்கொண்டேன். போட்டியாளரான பெண் ஒரு பாத்திரத்திலிருந்து அவரையைக் குக்கரில் கொட்டினார். கொட்டும் கையைக் காட்டினார்கள். உடனே நடுவர் முகம். அப்புறம் கரடியின் முகம். மறுபடி அதே கை, மெதுவாக. இடி இடிக்கிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி நடுவர். மறுபடி அதே கை, இன்னும் மெதுவாக. ஒரு தடவை கொட்டிய அவரையை மூன்று தடவை காட்டினார்கள். மூன்று தடவையில் ஒரு தடவையாவது அது எத்தனை கப் என்று யாராவது சொன்னார்களா? அது காய்ந்த கொட்டையா, பச்சையா? ஊறினதா? ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பா, தோலோடு போட்டதா? பிதுக்கிய பருப்புக்கும் தோலோடு இருக்கும் கொட்டைக்கும் வேகும் நேரம் ஒன்றா? இந்தக் குழம்பில் பாதி வேலையே அதுதானே! அம்மா நோட்டில் 'அவரை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

குக்கரை மூடினார்கள். இப்போது சொல்வார்கள் என்று நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் சின்ன வயதுக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். வீணை வாசித்தார்கள். அவர் அழுதார், தொகுப்பாளர் அழுதார், கரடி தலையைக் கழற்றிவிட்டு அழுதது. அந்தப் பெண்ணின் கஷ்டம் நிஜம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் அழும்போது பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது! எனக்குக் கேட்கிறது, அம்மாவுக்குக் கேட்கிறது. அம்மா விரல் விட்டு எண்ணுகிறார். ஒன்று. இரண்டு. மூன்றாவது விசில் வருவதற்குள் வீணைச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள். அப்புறம் விளம்பர இடைவேளை. திரும்பி வந்தால் குக்கர் திறந்திருக்கிறது, அவரை வெந்து வெண்ணெயாகக் கிடக்கிறது, மசாலா கலந்தாகிவிட்டது, உருளைக்கிழங்கும் உள்ளே போய்விட்டது. மசாலாவில் என்ன போட்டார்கள்? எதை வறுத்தார்கள்? எண்ணெயா, வெறும் சட்டியா? சோப்பும் பற்பசையும் விற்ற நேரத்தில் முழுச் சமையலும் நடந்து முடிந்துவிட்டது.

நடுவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். சத்தம் நின்றது. அந்தப் பெண் கையைப் பிசைந்தார். நான் எண்ணினேன், நாற்பது விநாடி ஒரு மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். அப்புறம் "வேற லெவல்" என்றார். மணி அடித்தார்கள், காகிதப் பூ கொட்டியது. அம்மா மெதுவாகக் கேட்டார், "ஏம்மா, உப்பு சரியா இருந்துச்சா இல்லையான்னு சொல்லவே இல்லையே?"

அந்த ஒரு கேள்விதான் எனக்குத் தாங்கவில்லை.

விசில் கணக்குக்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று கேட்பவர்கள் ஒரு மாதம் மலையில் வந்து சமைத்துப் பாருங்கள். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. தளபுளவென்று கொதிக்கும், ஆனால் உள்ளே பருப்பு கல்லாகவே இருக்கும். குக்கரில் வைத்தாலும் இதிலிருந்து முழுசாகத் தப்ப முடியாது. வெளியே காற்றழுத்தம் குறைவு என்பதால், அதே வெயிட்டைப் போட்டாலும் உள்ளே ஏறுகிற சூடு சமவெளியைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவுதான். சென்னையில் நாலு விசில் என்றால் இங்கே ஆறு, பழைய கொட்டை என்றால் இன்னும் கூட. குளிர்ந்த தண்ணீரில் ஊறுவதற்கும் நேரம் கூடுதலாக வேண்டும். இட்லி மாவு கதை எல்லோருக்கும் தெரியும். சென்னையில் மே மாதம் மதியம் அரைத்தால் ராத்திரியே பொங்கி வழியும். இங்கே டிசம்பரில் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்தி அடுப்படியில் வைத்து, மறுநாளும் காத்திருக்கிறோம். அதனால் கீழே இருப்பவர் சொல்கிற அளவு எங்களுக்கு அப்படியே சரியாக வராது, அது தெரியும். ஆனால் நாலு என்று சொன்னால்தானே நான் ஆறாக மாற்ற முடியும்? ஒன்றுமே சொல்லாவிட்டால் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?

அம்மாவின் நோட்டைப் பார்த்தால் புரியும். எண்பது பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். எல்லாம் டிவி பார்த்து எழுதியவை. மத்தியான நேரம், அரை மணி நேரம், ஒருவர் நின்று சமைப்பார், ஒருவர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பார். சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் எல்லாம் அளந்து வைத்திருப்பார்கள். கடைசியில் தேவையான பொருள்கள் என்று திரையில் வரும், அம்மா வேகவேகமாக எழுதுவார். விட்டுப்போனதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் வேலிக்கு மேலே எட்டிக் கேட்பார். மல்லிகா பத்ரிநாத் செய்தது, கண்ணதாசனின் மகள் ரேவதி சண்முகம் செய்தது, செஃப் ஜேக்கப் செய்தது என்று ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி வைத்திருக்கிறார். ஜேக்கப் 2012இல் சின்ன வயதிலேயே இறந்துபோனபோது, வீட்டுக்கு வந்துபோன பிள்ளை போன மாதிரி அம்மா அழுதார். வெங்கடேஷ் பட் விஜய் டிவியில் தனியாகச் சமைத்துக் காட்டிய நாட்களில் இதை ஏன் முதலில் போட வேண்டும், அதை ஏன் பிறகு போட வேண்டும் என்று காரணத்தோடு சொல்வார். அந்தக் காரணம்தான் எங்களுக்கு உதவியது. காரணம் தெரிந்தால் மலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். சொல்லித்தரத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. அவர்களையே நடுவர் நாற்காலியில் உட்காரவைத்து, சொல்லித்தரும் வேலையை மட்டும் பிடுங்கிவிட்டார்கள்.

என் மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு நான் கத்துவது பிடிக்கவில்லை. "அம்மா, உலகம் முழுக்க இப்படித்தான் ஆயிடுச்சு" என்று போனை வைத்துக்கொண்டு வகுப்பு எடுத்தாள். அமெரிக்காவில் ஜூலியா சைல்ட் என்ற அம்மையார் 1963இல் டிவியில் பிரெஞ்சுச் சமையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாராம். திருப்பிப் போடும்போது உருளைக்கிழங்கு அடுப்பில் சிந்தினால், அதை அள்ளிப் போட்டுவிட்டு மேலே நடத்தினாராம். அப்புறம் ஜப்பானில் 1993இல் 'அயர்ன் செஃப்' வந்தது, சமையலைச் சண்டை மாதிரி ஆக்கினார்கள். அதே 1993இல்தான் நம் நாட்டில் சஞ்சீவ் கபூரின் 'கானா கஜானா' ஜீ டிவியில் வந்தது, அது சொல்லிக்கொடுக்கிற நிகழ்ச்சி. 'மாஸ்டர்செஃப்' 1990இலேயே இங்கிலாந்தில் இருந்தது, 2009இல் ஆஸ்திரேலியாக்காரர்கள் அதைப் பெரிய திருவிழாவாக்கினார்கள், 2010இல் இந்தியில், 2021இல் தமிழில். நடுவில் 2019இல் 'குக்கு வித் கோமாளி'. மத்தியான நேரத்தில் சொல்லிக்கொடுத்தால் கொஞ்சம் பேர் பார்ப்பார்கள், ராத்திரி சிரிக்கவைத்தால் வீடே பார்க்கும், விளம்பரக் காசும் அங்கேதான் என்று முடித்தாள்.

எல்லாம் சரி. கோமாளியைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். ஊரடங்கில் நாலு சுவருக்குள் கிடந்தபோது அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுக்குத் தேவைப்பட்டது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் சிரிக்கவைக்க ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது, 'அவரை ஒரு கப், எட்டு மணி நேரம் ஊறல், நாலு விசில்' என்று சொல்லப் பத்து விநாடி இல்லையா? காகிதப் பூ கொட்டுகிற நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒரு வரி ஓடவிட்டால் யாருக்கு நஷ்டம்? வேறு எந்தப் பாடத்தையாவது இப்படி நடத்துவார்களா? கணக்கு வாத்தியார் விடையை மட்டும் எழுதிவிட்டுக் கண்ணை மூடி 'வேற லெவல்' என்றால் பிள்ளைகளின் பெற்றோர் சும்மா இருப்பார்களா?

"சமையலுக்கு யூடியூப் இருக்கே, அம்மாச்சிக்கு நான் போட்டுக் காட்டறேன்" என்றாள். எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. மேகம் இறங்கினால் சிக்னல் மொட்டை மாடியில் ஒரு மூலையில் மட்டும்தான். எழுபத்தெட்டு வயதில் அம்மா மாடியேறி, ஒரு கையில் போனும் ஒரு கையில் பென்சிலுமாகச் சாரலில் நிற்க வேண்டுமா? டிவி என்பது அம்மா மாதிரியானவர்களுக்காக வீட்டுக்குள்ளேயே வந்த வாத்தியார். அந்த வாத்தியாரைத்தான் கரடி வேஷம் போட அனுப்பிவிட்டார்கள்.

அதைவிட வலிப்பது ஒன்று இருக்கிறது. இந்த மலையின் சாப்பாடு டிவியில் வருவதே அபூர்வம். ஊட்டி என்றால் சாக்லேட், தேநீர், வர்க்கி, அவ்வளவுதான். கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோஸும் இங்கிருந்து லாரி லாரியாக இறங்குகிறது, ஆனால் இங்கே இருப்பவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டார்கள் என்று நம்பி உட்கார்ந்தோம். படுகர் ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்து, "நீங்கள் சொல்லுங்கள் அம்மா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன? அந்தக் குழம்பின் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கவில்லை. கோவையிலிருந்து அக்கா போன் பண்ணினார். "அது எங்க குழம்பே இல்லை" என்றார், அவ்வளவுதான். அவர் குரலில் இருந்த ஏமாற்றத்தை நான் எப்படி எழுதிக் காட்டுவது?

இன்று காலை நானே இறங்கினேன். ராத்திரியே ஊறவைத்த கொட்டை, பத்து மணி நேரம் ஊறியது. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து தோலைப் பிதுக்கினார். எல்லாவற்றையும் பிதுக்க அவர் விரல் ஒத்துழைக்கவில்லை, பாதி தோலோடுதான் போனது. நாலு விசில் விட்டுத் திறந்தேன், கடிக்க முடியவில்லை. மூடி இன்னும் மூன்று. தோல் இல்லாதது குழைந்தது, தோலோடு இருந்தது அப்படியே நின்றது. மறுபடி மூடினேன். இரண்டாவது விசில் வரும் நேரத்தில் அடுப்பு நீலத்திலிருந்து மஞ்சளாகி, அணைந்தே போனது. சிலிண்டர் காலி.

சிலிண்டர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். புக் பண்ணிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வண்டி வந்தால் மேல் ரோட்டில் நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டு நிற்பார்கள், நாங்கள் நூற்றுப்பத்து படி ஏறிப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து தரவும் சேர்த்துத்தானே காசு வாங்குகிறார்கள்? கேட்டால் "மலையில் அப்படித்தான்மா" என்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் தம்பிக்கு நூறு ரூபாய் கொடுத்து, பதினாலு கிலோ கேஸையும் இரும்போடு தோளில் தூக்கிவரச் சொல்கிறேன். மழையில் அந்தப் படி பாசி பிடித்து வழுக்குகிறது, அவன் இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பஞ்சாயத்தில் கைப்பிடிக் கம்பி கேட்டு இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாயிற்று.

அரைவேக்காட்டு அவரை குக்கரிலேயே இருக்கிறது. அம்மா நோட்டைத் திறந்து, 'அவரை' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் போட்ட கோட்டுக்கு நேரே, '10 மணி ஊறல், 9 விசில், இன்னும் வேகவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறார்.