வை.பி.யிடம் எதைக் கேட்பது?

சென்ற வாரம் எங்கள் தொழிற்சங்கத்திலிருந்து ஆறு பேர், மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த் பக்கம் உள்ள ஒரு வை.பி.யின், அதாவது சட்டமன்ற உறுப்பினரின், சேவை மையத்திற்கு மகஜர் கொடுக்கச் சென்றிருந்தோம். இரவு எட்டு மணிக்கு எண் வாங்கிக்கொண்டு, சாக்கடை அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் வந்தவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஒன்பதரைக்குத்தான் முறை வந்தது. மகஜரைப் பொறுமையாகப் படித்த அவர், தொழிலாளர் விவகாரம் மத்திய அரசாங்கத்தின் கையில் இருப்பதாகவும், மனிதவள அமைச்சுக்குக் கடிதம் எழுதுவதாகவும் சொன்னார். பிறகு மகஜரை ஆளுக்கொரு முனையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம்.

அவர் சொன்னது பொய்யல்ல. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை தொழிலாளர் நலனையும் தொழிற்சங்கங்களையும் மத்திய அரசாங்கத்திடமே ஒப்படைத்திருக்கிறது. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்த வேண்டும், தொழிற்சங்க அங்கீகாரத்தை எளிதாக்க வேண்டும் என்று நாங்கள் எழுதியிருந்த எதையும் ஒரு சட்டமன்ற உறுப்பினரால் செய்துதர முடியாது. தவறான கதவைத் தட்டியது நாங்கள்தான்.

ஆனால் எங்களோடு வந்திருந்த துப்புரவுப் பணியாளரான அக்காவின் பிளாஸ்டிக் பையில் இருந்தது வேறு கதை. மாநில அரசின் கீழுள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தில் பதினோரு ஆண்டுகளாக அதே மாடிகளையும் அதே கழிப்பறைகளையும் கழுவிவரும் அவரிடம், நான்கு குத்தகையாளர்கள் கொடுத்த நான்கு நியமனக் கடிதங்கள் இருக்கின்றன. எந்த ஆண்டு எந்தக் குத்தகையாளர் என்பதைச் சட்டை நிறத்தை வைத்தே சொல்கிறார். முதலில் நீலம், பிறகு பச்சை, அதற்குப் பிறகு சிவப்பு, இப்போது மீண்டும் நீலம். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவான சேவைக்கு 8 நாள், ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவான சேவைக்கு 12 நாள், அதற்கு மேல் 16 நாள் ஆண்டு விடுப்பு. சட்டை மாறும் ஒவ்வொரு முறையும் அக்கா புதிய ஊழியராகிவிடுவதால், பதினோரு ஆண்டு உழைத்த பிறகும் அவருக்கு 8 நாள்தான். ஆட்குறைப்பு இழப்பீடும் சேவைக் காலத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், அதுவும் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து தொடங்குகிறது.

இதைத் தீர்க்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. புதிய குத்தகையாளர் பழைய தொழிலாளர்களை அவர்களுடைய சேவைக் காலத்தோடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை டெண்டர் ஆவணத்தில் சேர்த்தால் போதும். அந்த ஆவணத்தை எழுதுவது அந்தந்த அலுவலகமே. பினாங்கில் இந்தக் கேள்விக்கு இன்னும் அழுத்தம் உண்டு. திடக்கழிவு நிர்வாகம் தொடர்பான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை இம்மாநிலம் ஏற்காததால், குப்பை அள்ளுவதும் தெருப் பெருக்குவதும் ஊராட்சி மன்றங்களின் பொறுப்பாகவே தொடர்கின்றன. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டதிலிருந்து, அந்த மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசாங்கம்தான்.

நிலமும் அப்படித்தான். ஒரு தோட்டம் வீடமைப்புத் திட்டமாகும்போது, விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற அனுமதி தருவது மாநில அரசாங்கம். தொழிலாளர்களுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்த அனுமதியோடு சேர்த்து விதிப்பதுதான் முறை. மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பிறகு மகஜர் தூக்கும் பழக்கம் நமக்கு எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கூடுதல் விடுப்புக்கான செலவைக் குத்தகையாளர் தம் டெண்டர் விலையில் ஏற்றத்தான் செய்வார். அந்தப் பணத்தை யார் தருவது என்பதை நாற்பது பேர் கொண்ட சட்டமன்றம் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் பேசட்டும். சட்டமன்றத்தில் கேட்கும் வாய்மொழிக் கேள்வியை உறுப்பினர் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டியிருப்பதால், எங்கள் கேள்விகளை வாக்கியமாகவே எழுதி அவர் கையில் கொடுப்பதென்று நாங்கள் இப்போது முடிவு செய்திருக்கிறோம். மாநில அலுவலகங்களில் குத்தகை முறையில் எத்தனை துப்புரவுப் பணியாளர்கள் இருக்கிறார்கள், குத்தகை மாறும்போது அவர்களுடைய சேவைக் காலம் என்ன ஆகிறது என்ற இரண்டே கேள்விகள், ஒரே பக்கம். இந்த முறை படம் வேண்டாம்.

அக்காவின் இப்போதைய குத்தகை அடுத்த ஆண்டு முடிகிறது. புதிய டெண்டர் ஆவணம் அதற்குச் சில மாதங்கள் முன்பே எழுதப்பட்டுவிடும்.