"நீங்க என்ன ஆளுங்க?"

போன தை மாசம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். முந்தின நாள் சாயங்காலம் மயக்க டாக்டர் வந்தார். சுகர் இருக்கா, பல்செட் இருக்கா, வாயை நல்லா திறங்க, கழுத்தைப் பின்னால் சாயுங்க. எல்லாம் முடிந்து, எழுதுவதை நிறுத்தாமலே, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. அப்பாவும் அம்மாவும் 1979ல் ஜாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கே இடம் கிடையாது. "அது எதுக்கு சார் உங்களுக்கு?" என்று குரலை உயர்த்தினேன். அம்மா என் கையை அமுக்கினாள். "பொறந்த வீடு ஆரிய வைசியர், சார்." அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஸ்கோலின் என்று ஒரு ஊசி. மயக்கம் கொடுத்ததும் தொண்டையில் ட்யூப் இறக்குவதற்காகத் தசைகளைத் தளர்த்துவது. போட்டால் மூச்சுத் தசையும் சேர்ந்து நின்றுவிடும். ஆனால் ரத்தத்தில் உள்ள சூடோகோலினெஸ்டரேஸ் என்ற என்சைம் சில நிமிஷத்தில் அதை உடைத்துப் போட்டுவிடும். அந்த என்சைம் பிறவியிலேயே வேலை செய்யாதவர்களுக்கு நிமிஷம் மணிக்கணக்காகிவிடும். அதுவரை வென்டிலேட்டர்தான் மூச்சு. ஆரிய வைசியர்களிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட 100 மடங்கு அதிகம் என்கிறார்கள். தென்னிந்திய மயக்க டாக்டர்கள் ஜாதி கேட்பது இதற்காக.

ரத்தம் எடுத்தார்கள். பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு எடுப்பார்களே, அதே கோலினெஸ்டரேஸ் டெஸ்ட்தான். அம்மாவுக்கு அடிமட்டத்தில் இருந்தது. ஸ்கோலினுக்குப் பதில், இந்த என்சைம் தேவைப்படாத ரோகுரோனியம் என்ற ஊசி போட்டார்கள். மறுநாள் மதியம் அம்மா ரசம் சாதம் கேட்டாள்.

அந்த டாக்டருக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன். ஆனாலும் அந்தக் கேள்வி போதாது என்றுதான் இதை எழுதுகிறேன். அதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் சர்டிபிகேட்டில் இருக்கிற அப்பா ஜாதியைச் சொல்லியிருப்பேன். பேனா நிற்காமல் அடுத்த வரிக்குப் போயிருக்கும். அம்மாவிடமிருந்து அந்த என்சைமுக்கான மரபணுவின் ஒரு பழுதான பிரதி எனக்கும் வந்திருக்கிறது. ஒன்று மட்டும் என்பதால் பெரிதாக ஆபத்தில்லை என்றார் டாக்டர், சரி. ஆனால் சர்டிபிகேட்டில் அது இல்லையே! என் மகள் காலத்தில் அவளிடம் எந்த ஜாதியைக் கேட்பார்கள்?

இது ஏதோ ஒரு சமூகத்தின் விவகாரமும் இல்லை. ஹைதராபாத்தின் சிசிஎம்பி உயிரியல் ஆய்வு மையமும் ஹார்வர்டும் சேர்ந்து 2017ல் வெளியிட்ட ஆய்வில் தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தார்கள். அதில் 81 குழுக்கள் மிகச் சில முன்னோர்களிடமிருந்து கிளைத்தவை. ஆயிரக்கணக்கான வருஷமாக உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததை ரத்தம் இன்னும் கணக்கு வைத்திருக்கிறது. வைசியர்களுடையது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். மற்றவர்களுடையது என்னவென்று தேட வேண்டும். இந்தியர்களின் மரபணுக்களைப் படிக்கிற ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 சமூகங்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் மரபணுத் தகவலை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நல்ல ஆரம்பம். ஆனால் அது எப்போது ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை வரும்?

செய்தியில் வருவதெல்லாம் பெரிய விஷயங்கள். 2025ல் பிலடெல்பியாவில் ஒரே ஒரு குழந்தைக்காக, அந்தக் குழந்தையின் மரபணுப் பிழைக்கென்றே, ஆறு மாசத்தில் மருந்து செய்தார்கள். நம்ம வேலூர் சிஎம்சியில் ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து ரத்தக்கசிவை நிறுத்திக் காட்டினார்கள். படிக்கப் படிக்கப் புல்லரிக்கிறது, மறுக்கவில்லை.

எனக்கு வேண்டியது அதைவிடச் சின்னது. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் கட்டாமல் இருக்கத் தினம் ஒரு குளோபிடோக்ரல், 75 மில்லிகிராம். அந்த மாத்திரை அப்படியே வேலை செய்யாது. கல்லீரலில் சிஒய்பி2சி19 என்கிற என்சைம் அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். அது மந்தமானவர்களுக்கு மாத்திரையின் பலன் குறையும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010லேயே மருந்துக் குறிப்பில் பெட்டி கட்டி எச்சரித்தது. தெற்காசியர்களிடம் இந்த மந்தம் ஐரோப்பியர்களைவிட அதிகம். எல்லோருக்கும் டெஸ்ட் தேவையா என்பதில் இதய டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. இருக்கட்டும். இப்படி ஒன்று இருக்கிறது என்றாவது எங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். அதே சமயம் எச்சிலைத் துப்பி அனுப்பினால் "உங்கள் டிஎன்ஏவுக்கு ஏற்ற டயட்" தருகிறேன் என்கிற விளம்பரம் மட்டும் தினம் என் போனுக்கு வருகிறது. இட்லி ஒத்துக்கொள்ளுமா என்று எச்சிலைக் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்?

மருந்துக்கு உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று வாழ்நாளில் ஒரே ஒருமுறை பார்த்து, ரத்த குரூப் மாதிரி ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். எங்கள் மஞ்சப்பையில் எக்ஸ்ரேக்கும் ஸ்கேனுக்கும் நடுவில் அதற்கும் இடமிருக்கிறது.

டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் அம்மா தன் தங்கச்சிக்குப் போன் பண்ணினாள். கூடப்பிறந்தவர்களுக்கும் இது இருக்க நாலில் ஒரு வாய்ப்பாவது உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாணத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லாத வீடு. அம்மா தெலுங்கில் பேசினாள். எனக்கு "ஸ்கோலின்" மட்டும்தான் புரிந்தது. மூன்று தடவை சொன்னாள். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாக. அந்தப் பக்கம் சித்தி எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.