மாணவர் பேரவைத் தேர்தலுக்குத் தடையா? அந்த வாட்ஸ்அப் தகவல் தவறு

"கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தலை உச்ச நீதிமன்றம் 2006-லேயே தடை செய்துவிட்டது. பேரவை பெயரில் கோரிக்கை எழுதினால் டி.சி. கிழியும்." கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் நான்கு நாளாக இதுதான் சுற்றுகிறது.

தடை எதுவும் இல்லை. 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, மாணவர் தேர்தலை எப்படி நடத்துவது என்று ஆராய்ந்த, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி தேர்தல் நடத்துங்கள் என்பதுதான். வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும், அச்சடித்த போஸ்டர் கூடாது. இவையெல்லாம் நிபந்தனைகள். தேர்தலே கூடாதென்றால் செலவுக்கு எதற்கு வரம்பு? குழுவின் அறிக்கை இணையத்தில் இருக்கிறது, யாரும் படிக்கலாம்.

சரி, கோரிக்கை விஷயம். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் ஒரு நோட்டுத் தாளில் எழுதி வைத்திருந்தது மூன்றே வரி: விடுதியில் குடிதண்ணீர், பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், நீடாமங்கலம் பக்கம் போகிறவர்களுக்கு மாலையில் இன்னொரு பஸ். இந்தத் தகவலைப் பார்த்து அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்கள். மனது கேட்கவில்லை.

கோரிக்கை கொடுக்க வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். அதில் மாணவர் பிரதிநிதி ஒருவரும் உண்டு. முடிவு திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகம் நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே வாட்ஸ்அப் குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.