காதுக் கருவி போட்ட பிள்ளைக்கும் சாதாரணப் பாடசாலையில் இடமுண்டு

"காதுக் கருவி போட்ட பிள்ளையைத் தரம் 1க்கு விசேட பாடசாலை தவிர வேறெங்கும் எடுக்கமாட்டாங்க" என்று மட்டக்களப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் குரல்பதிவு பிழை. இயலாமையுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, இயலாமையைக் காரணங்காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதி மறுக்கக் கூடாது. அதிபர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் அதைக் கொடுங்கள்.

"கருவி இருந்தால் எல்லாம் கேட்கும்" என்று அதிலேயே சொல்லப்படுவதும் சரியில்லை. ஆசிரியரின் குரலோடு மின்விசிறி இரைச்சலையும் கருவி பெருக்கும். அது நன்றாக உதவுவது ஒன்றிரண்டு மீற்றருக்குள்தான். ஆகவே முன்வரிசை, மின்விசிறிக்கும் ரோட்டோர ஜன்னலுக்கும் தள்ளி, கூடுதலாகக் கேட்கும் காது ஆசிரியர் பக்கம். கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால் உதட்டசைவும் தெரியாது. ஆசிரியர்களே, எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள்.

நம்ம கடற்கரை ஈரக்காற்றில் கருவியின் குழாய்க்குள் நீர்த்துளி கட்டி, பற்றரி நல்லாயிருந்தும் சத்தம் நின்றுபோகும். அதைப் பார்க்காமல் "பிள்ளை கவனிப்பதில்லை" என்று எழுதிவிடுவது பெரிய அநியாயம். இரவில் பற்றரியைக் கழற்றிவிட்டு, கருவியை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். புதுப் பற்றரியின் ஒட்டுத்தாளை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப்பட விட்ட பிறகே போடுங்கள்.