தாய்ப் பத்திரம் பார்க்காத கடற்கரை

பத்திரம் எழுதுவது என் தொழில். ஒரு சொத்து கைக்கு வந்தால் முதலில் தாய்ப் பத்திரம், அப்புறம் வில்லங்கம், அதற்கப்புறம்தான் விலைப் பேச்சு. அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, மெக்சிகோவின் புந்தா பாந்தா கடற்கரை விவகாரம் படித்த நாளிலிருந்து மனதை விட்டுப் போகவே இல்லை.

பாஹா கலிபோர்னியா மாநிலத்தில், என்செனாதா நகருக்குத் தெற்கே உள்ள ஒடுங்கிய மணல்திட்டு அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம். அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி அங்கே வீடு கட்டிக் குடியிருந்தார்கள். 2000 அக்டோபர் 30 அன்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்ற போலீஸ் வந்து இறங்கியது. கட்டில், குளிர்பெட்டி, ஜன்னல் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பங்கள் வெளியேறின.

இதைச் சொல்கிறவர்களில் பலர், "மெக்சிகோவில் வெளிநாட்டவர் நிலம் வாங்கினால் இதுதான் கதி" என்று முடித்துவிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை.

அந்த வீட்டுக்காரர்கள் நிலத்தை வாங்கவே இல்லை. எடுத்தது குத்தகை. குத்தகை வந்தது ஓர் எஹிதோவிடமிருந்து. எஹிதோ என்றால், புரட்சிக்குப் பிறகு பெரும் பண்ணைகளை உடைத்து உழவர் குழுக்களுக்கு அரசு கொடுத்த கூட்டு நிலம். லாசரோ கார்தெனாஸ் 1934 முதல் 1940 வரை ஆண்டபோது மட்டும் சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் இப்படிப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. உழவர்கள் அனுபவிக்கலாம், பிள்ளைக்கு விட்டுப் போகலாம். ஆனால் அந்தக் காலத்தில் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, குத்தகைக்கு விடவும் பொதுவாக அனுமதி இருக்கவில்லை. 1992இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான், எஹிதோ கூடி முடிவெடுத்தால் பங்கைத் தனிச்சொத்தாக மாற்றிக்கொள்ள வழி பிறந்தது.

இதைவிடப் பெரிய வில்லங்கம் இன்னும் அடியில் கிடந்தது. அந்த மணல்திட்டு ஏற்கெனவே தனியாருக்குச் சொந்தம். நிலச் சீர்திருத்தத்தின் பெயரில் அரசு அதை எஹிதோவின் கணக்கில் சேர்த்துவிட்டது. பழைய உரிமையாளர்கள் பல ஆண்டுகள் வழக்காடி, கடைசியில் வென்றார்கள். எஹிதோவின் உரிமை விழுந்ததும், அதன் மேல் நின்ற குத்தகைகளும் விழுந்தன. வேர் அறுந்த பிறகு கிளைக்கு ஏது உயிர்?

மெக்சிகோவின் சட்டத்தைக் கேலி பேசுகிறவர்கள் அதன் வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1836இல் டெக்ஸாஸ் பிரிந்தது. போரில் தோற்று 1848இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு நாட்டின் பாதிக்கும் மேல் போய்விட்டது. இன்றைய அமெரிக்கக் கலிபோர்னியாவும் அதில் அடக்கம். அந்தக் காயத்தின் நினைவோடு எழுதியதுதான் 1917 அரசியலமைப்பின் 27ஆவது பிரிவு. எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர், கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டர் தூரத்துக்கு வெளிநாட்டவர் நிலத்துக்கு நேரடி உரிமையாளராக முடியாது. மற்ற இடத்தில் வாங்குகிறவரும், அந்தச் சொத்து விஷயத்தில் தன் நாட்டு அரசின் பாதுகாப்பைக் கேட்க மாட்டேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பாதி நிலத்தை இழந்த ஒரு நாட்டுக்கு இந்த எச்சரிக்கை நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

என் வருத்தம், அந்த எச்சரிக்கையை அவர்களே தளர்த்திக்கொண்டது. 1971இல் முன்வாசலை அடைத்தபடியே கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஃபிதெய்கோமிசோ என்பார்கள், ஒருவர் பெயரில் வைத்து இன்னொருவர் அனுபவிக்கும் ஒரு வகை டிரஸ்ட் ஏற்பாடு. நிலம் வங்கியின் பெயரில் இருக்கும். வெளிநாட்டவர் பயனாளியாக அதில் வாழலாம், விற்கலாம், வாரிசுக்கும் விடலாம். முதலில் 30 ஆண்டு, 1993இலிருந்து 50 ஆண்டு, அதையும் புதுப்பிக்கலாம். பெயர் மட்டும் வங்கியுடையது என்றால் உரிமைக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? குடியிருப்புக்கு மட்டுமாவது தடையையே நீக்கிவிடலாம் என்று 2013இல் கீழவை நிறைவேற்றிய திருத்தம் செனட்டைத் தாண்டவில்லை. எனக்கு அதில் உண்மையான நிம்மதி.

ஆனால் சொந்த மக்களுக்காகக் கடற்கரையைக் காக்காமல், அவர்களிடமிருந்தே அதைப் பறித்ததும் இதே அரசுதான். 1984இல் ஒஹாகா மாநிலத்தின் ஹுவாத்துல்கோவில், ஊர்ப் பொதுநிலத்திலிருந்து ஏறத்தாழ 21,000 ஹெக்டேரைச் சுற்றுலாத் திட்டத்துக்காகக் கையகப்படுத்தினார்கள். சாந்தா க்ரூஸ் விரிகுடாக் கரையில் இருந்த குடும்பங்களை உள்ளே தள்ளி, லா க்ருசெசிதா என்ற புது ஊரில் குடியமர்த்தினார்கள். புந்தா பாந்தாவில் வீடிழந்தவர்களின் கதை அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தது. இவர்களின் கதையைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

புந்தா பாந்தாவின் முதியவர்கள் மேல் எனக்குக் கோபம் துளியும் இல்லை. அரசு முத்திரை இருந்தது, எஹிதோவின் கையெழுத்து இருந்தது, நம்பினார்கள். உழவர்களும் அரசு கொடுத்ததைத்தான் வாங்கினார்கள். தன்னுடையதல்லாத நிலத்தைத் தானமாகக் கொடுத்த கை அரசின் கை. அந்த இரண்டு கூட்டத்துக்கும் இழப்பீடு தர வேண்டிய கடமை அந்தக் கைக்கு இருந்தது.