தூண்டில் முள்ளை மணலில் விட்டுப் போகிறவர்களே!

எங்கள் நாய்க்கு வயதாகிவிட்டது, மூட்டு வலி. காய்ந்த மணலில் கால் புதைந்தால் தவிக்கும். கடல் உள்வாங்கிய ஈர மணல்தான் தோது. அந்த நேரமோ தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். கோடையில் மணல் சுடும், மழைக்காலத்தில் அலை இடம் விடாது. கிடைக்கிற கொஞ்ச நேரத்தையும் கெடுக்கிறார்கள், அறுந்த தூண்டில் நரம்பையும் முள்ளையும் அங்கேயே எறிந்துவிட்டுப் போகிறவர்கள். கண் மங்கிய நாய்க்கு வாசம்தான் வழிகாட்டி. மீன் வாசம் ஒட்டிய முள்ளை விடுமா? நேரே மூக்கை வைக்கும். முள்ளில் எதிர்க்கொக்கி இருப்பதால் குத்தினால் சும்மா இழுத்தெடுக்க முடியாது, மருத்துவரிடம் ஓட வேண்டும். இந்த வயதில் மயக்க மருந்து என்றாலே வயிறு கலங்குகிறது. நைலான் நரம்பு லேசில் மட்கவும் மட்காது. சுருட்டிப் பையில் போட ஒரு நிமிடம் ஆகுமா?