அம்மாவின் படத்தை நீக்கிவிடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் சாப்பாடு கொடுக்க முதியோர் இல்லத்துக்குப் போனவர்கள் போட்ட படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், சிலர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, கமராவைப் பாராமல் யன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மனுசி என் அம்மா. "நாலு பிள்ளை பெற்றும் நாதியில்லை" என்று படத்துக்கு மேலே எழுதியிருந்தார்கள். நாங்கள் மூன்று பேர். அதைக்கூட யாரிடமும் கேட்கவில்லை.

மறதி நோய் உள்ள தாயை ஏன் இல்லத்தில் சேர்த்தாய் என்று கேட்பவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: எப்படிப்பட்ட இல்லத்தில் சேர்த்தாய் என்று கேளுங்கள். அத்தனை பின்னூட்டங்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டபோது, கைக்குழந்தையான அண்ணனை இடுப்பிலும் வீட்டு உறுதிப் பத்திரத்தை மடியிலும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஓடியவர் அம்மா. இன்று காலையில் சாப்பிட்டது அவருக்கு நினைவில்லை, அந்த இரவு மட்டும் அப்படியே இருக்கிறது. புதிய நினைவுகள்தான் முதலில் போகும், பழையவை நெடுநாள் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். கடந்த கார்த்திகையில் ஒருநாள் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பிப் பார்க்கிறேன், முன்கதவு திறந்து கிடக்கிறது. பள்ளிக்கூடக் கேற்றுக்கு முன்னால் மழையில் நனைந்துகொண்டு நின்றார். கையிலிருந்த பைக்குள் வீட்டு உறுதி, ஒரு சுண்டு அரிசி, ஒரு தீப்பெட்டி. "கூரை போகப் போகுது புள்ள, பொடியன் எங்க? மறுகா வந்து தேட ஏலாது" என்றார். அந்தப் பொடியன் இப்போது கனடாவில் இருக்கிறார்.

கதவின் உச்சியில் கொண்டி போட்டேன். பிறகு ஒருநாள் நான் வேலையால் வரும்போது எரிவாயு அடுப்பு பற்றவைக்காமல் திறந்து கிடந்தது. அன்றுதான் இல்லம் தேடத் தொடங்கினேன்.

நான்கு இடங்களுக்குப் போனேன். மறதி நோயாளருக்கென்றே நடத்தப்படும் இல்லம் எனக்கு இங்கே கிடைக்கவில்லை. தன் வேலையைத் தானே பார்க்கக்கூடியவர்களை மட்டுமே எடுப்போம் என்று ஓரிடத்தில் வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். இன்னோரிடத்தில் பூந்தோட்டமும் சாமி அறையும் கண்ணுக்கு அழகாக இருந்தன, ஆனால் இரவில் இருபதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே ஒரு பணியாள், கதவுக்கு வெளியே பூட்டு. மூன்றாவது இடத்தில் காலை பத்து மணிக்கு எல்லோரும் நித்திரை. கரைச்சல் கொடுக்காமல் இருக்கக் குளிசை கொடுப்பதாகப் பொறுப்பாளர் பெருமையாகவே சொன்னார். அப்படிப்பட்ட குளிசைகளால் வயதானவர்கள் விழுந்து எலும்பு முறிவதும், மறதி நோய் உள்ளவர்களுக்குச் சில மருந்துகளால் உயிராபத்தே கூடுவதும் மருத்துவர்கள் அறிந்த விடயம். நான்காவது இடத்தில் கட்டடம் பழையது, சுவரில் ஈரம். ஆனால் அங்குள்ள மேற்றன் என்னிடம் காசைப் பற்றிப் பேசுவதற்கு முன் அம்மா எந்தப் பேருக்குத் திரும்பிப் பார்ப்பார், எத்தனை மணிக்குக் குளிப்பார், எதற்குப் பயப்படுவார் என்று கேட்டு எழுதிக்கொண்டார். திடீரென்று குழப்பம் கூடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதலில் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று சோதிக்க அனுப்புவோம் என்றார். அங்கேதான் சேர்த்தேன். காற்றுக்குப் பயம் என்று சொன்னதால் அம்மாவின் கட்டிலை யன்னலிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறார்கள். படம் எடுக்கப் போனவர்கள், வெளிச்சம் நன்றாக விழ வேண்டும் என்று அவரை யன்னலோரம் கொண்டுபோய் இருத்தியிருக்கிறார்கள்.

தாய் வீட்டைச் சீதனமாக வாங்கியவள் தாயை வைத்துப் பார்க்க வேண்டாமா என்று எங்கள் பெரியம்மாவின் மகனே எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, தாயும் அவளோடு, அது காலங்காலமாக உள்ள வழக்கம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கம் உண்டான காலத்தில் ஒரே வளவுக்குள் சின்னம்மா, பெரியம்மா, குமர்ப்பிள்ளைகள் என்று ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள், எந்த நேரமும் ஒருத்தி விழித்திருந்தாள். இன்று அந்த வீட்டில் நான் ஒருத்தி, அதுவும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகிற ஒருத்தி. ஆறு வருடமாக ஓர் இரவும் முழுதாக நித்திரை கொண்டதில்லை. கனடாவிலிருந்து அண்ணன் மாதம் தவறாமல் காசு அனுப்புகிறார், அதற்கு நன்றி. ஆனால் விடியப்புறம் மூன்று மணிக்கு ஈரச்சேலையை மாற்றிவிட அவரால் முடியாது. அவரை யாரும் நாதியில்லாமல் விட்டவன் என்று எழுதவில்லை, என்னைத்தான் எழுதினார்கள்.

சட்டத்தையும் ஒருவர் எடுத்துக் காட்டினார். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது. நானும் வாசித்திருக்கிறேன். முதியோரை வைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது. அந்தப் பதிவு இருக்கிறதா, இரவில் எத்தனை பேர் வேலையில் நிற்கிறார்கள், என்ன குளிசை கொடுக்கிறார்கள் என்று சோற்றுப் பார்சலோடு போகிற நீங்கள் கேட்டால் இல்லங்கள் திருந்தும். நான் தனியாகக் கேட்டபோது, இஷ்டமில்லை என்றால் வேறு இடம் பாருங்கள் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். ஞாயிறு இரவு மூன்று தரம் எழும்பிப் பையைத் தேடினாராம். மேற்றன் ஒரு பைக்குள் கொஞ்சம் அரிசியும் பழைய கடதாசியும் போட்டுக் கையில் கொடுத்த பிறகுதான் படுத்தாராம்.

அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள். பகிர்ந்தவர்களும் நீக்கிவிடுங்கள். இனிமேல் சாப்பாடு கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து அம்மாவை யன்னலுக்கு முதுகு காட்டி இருத்துங்கள்.